என் கணவர் இரவெல்லாம் நோயாளிகள் குழுவிலேயே இருக்கிறார்

கேள்வி: என் கணவருக்கு வயது 47. நான்கு மாதங்களுக்கு முன் நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று தெரியவந்தது. புகைப்பழக்கமே இல்லாதவர். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதால் ஓசிமெர்டினிப் 80 மில்லிகிராம் மாத்திரை தினமும் ஒன்று சாப்பிடுகிறார். முதல் ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை நோயாளிகளின் ஃபேஸ்புக் குழு ஒன்றிலேயே இருக்கிறார். ஒருநாள் தெம்பாக எழுந்து வருவார். மறுநாள் யாரோ இறந்த செய்தியைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ‘இந்த மாத்திரைக்கு மூன்று வருஷம்தான் கணக்கு’ என்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இன்னொருவர், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டால் வயிற்றுப்போக்கு நிற்கும் என்கிறார். இவரும் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கிறார். மருத்துவரிடம் கேட்டால், ‘இணையத்தில் எதையும் படிக்காதீர்கள்’ என்று முடித்துவிட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் வேறு பெயரில் நானும் அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டேன். என்னிடம் சொல்லாத பயங்களையெல்லாம் அங்கே எழுதுகிறார். அவரை அதிலிருந்து வெளியே கொண்டுவருவது எப்படி?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விட்டுவிட்டுப் போடும் யோசனை இன்றைக்கே நிற்க வேண்டும். வயிற்றுப்போக்கு இந்த மருந்தால் வரக்கூடியதுதான். அதைச் சமாளிக்க மருத்துவரிடம் படிப்படியான வழிகள் இருக்கின்றன: வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு தரலாம், சில நாள் மருந்தை நிறுத்திவைக்கலாம், தேவைப்பட்டால் 80 மில்லிகிராமை 40 ஆகக் குறைக்கலாம். ‘ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் சராசரியாக அதே 40தானே’ என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். கணக்கு சரி. மருத்துவருக்குத் தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. ஓசிமெர்டினிப் உடலிலிருந்து பாதி வெளியேறவே சுமார் 48 மணி நேரம் ஆகும். அதனால் விட்டுவிட்டுப் போடுகிறவருக்கு உடனே எந்த மாற்றமும் தெரியாது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று நல்ல மனதோடுதான் குழுவில் எழுதுவார். ஆனால் அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், நோய் மருந்துக்குப் பழகிவிட்டது என்று மருத்துவர் நினைப்பார். முழு அளவில் இன்னும் வேலை செய்யக்கூடிய மருந்தை மாற்றிவிடுவார். அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்ட முடியாது. நாளை காலை மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, எத்தனை நாளாக, இரவில் எழுப்புகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். அளவைத் தீர்மானிக்க அவர்களுக்கு இந்த விவரம் தேவை.

இனி உங்கள் கேள்வி. அவரை வெளியே கொண்டுவர வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே அவருக்குக் கிடைப்பதை நீங்களோ மருத்துவரோ தர முடியாது. இதே மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர், இந்த மாத்திரையால் வரும் நகக்கண் புண்ணோடு சட்டைப் பொத்தான் போடுவது எப்படி என்று தெரிந்தவர், ஸ்கேன் முடிவு வரும் வரை மனம் படும் பாட்டை விளக்கமில்லாமலே புரிந்துகொள்கிறவர் அங்கேதான் இருக்கிறார். பத்து நிமிடச் சந்திப்பில் இதற்கெல்லாம் இடமில்லை. நகக்கண் புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை நேராக வெட்டுவது, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தினமும் 15 நிமிடம் விரல்களை ஊறவைப்பது, பிறகு ஈரப்பதக் களிம்பு தடவுவது, பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போடுவது போன்றவற்றை மருத்துவர்களும் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் புண் வந்த பிறகுதான் பேச்சு எழும். குழுவில் முதல் வாரத்திலேயே யாராவது எச்சரித்துவிடுவார்கள். (சீழ் வைத்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.)

நோயாளிகள் கூடிப் பேசுவதால் ஆயுள் கூடுமா என்ற கேள்வி பல வருடங்களாக ஆராயப்பட்டிருக்கிறது. நேரில் கூடும் குழுக்களை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள். மார்பகப் புற்றுநோய் பரவிய 86 பெண்களிடம் செய்து 1989-இல் வெளியான ஆய்வு, கூடும் என்றது. 235 பெண்களிடம் செய்து 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன, அதிலும் தொடக்கத்திலேயே அதிகம் துன்பப்பட்டவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தன. குழுவிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதுவே நேர்மையான அளவு. அது சிகிச்சையின் இடத்தை எடுத்துக்கொள்ளாது. தனிமையைக் கணிசமாகக் குறைக்கும். உங்கள் கணவருக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான்.

குழு எங்கே தடுமாறும் என்பதையும் அவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரே நோய், ஒரே வகை மாத்திரை என்றாலும் மருந்துக்கு மருந்து விதி மாறும். ஓர் உதாரணம்: இதே வகையில் பழைய மாத்திரையான எர்லோடினிப் சாப்பிடுகிறவர் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. அவர் குழுவில் ‘அமில மாத்திரை தொடவே கூடாது’ என்று எழுதுவார். அவருக்கு அது உண்மை. ஓசிமெர்டினிப்புக்கு அந்தத் தடை இல்லை. அதைப் படித்துவிட்டு உங்கள் கணவர் வீணாக நெஞ்செரிச்சலோடு இருப்பார். மறுபக்கம், மனச்சோர்வுக்கு நல்லது என்று யாராவது செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையைப் பரிந்துரைக்கலாம். அது ஓசிமெர்டினிப்பின் அளவை இரத்தத்தில் பெரிதும் குறைத்துவிடும். ‘இயற்கையானது’ என்பதால் அதை யாரும் மருத்துவரிடம் சொல்வதில்லை. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும், அது வெறும் மூலிகைத் தூளாக இருந்தாலும், மருந்தாளுநரிடம் ஓசிமெர்டினிப்பின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

மரபணு மாற்றத்திலும் உட்பிரிவுகள் உண்டு. எக்ஸான் 19 நீக்கம், எல்858ஆர், எக்ஸான் 20 செருகல் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) எல்லாமே ஈஜிஎஃப்ஆர் மாற்றங்கள்தான். ஆனால் எக்ஸான் 20 செருகலுக்கு மருந்தே வேறு. நோயறிக்கையில் உங்கள் கணவருடையது எது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான நுரையீரல் புற்றுநோய்க் குழுவைவிட, அந்த மாற்றம் உள்ளவர்களுக்கென்றே இருக்கும் குழு எவ்வளவோ மேல். ஈஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ் என்று நோயாளிகளும் குடும்பத்தினரும் நடத்தும் அமைப்பு இருக்கிறது. ராஸ்1, ஏஎல்கே என்ற வேறு மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்கும் இப்படித் தனித்தனி அமைப்புகள் உண்டு. படிப்பதில் பாதியாவது அவருக்குப் பொருந்துவதாக இருக்கும்.

குழுவில் பகிரப்படும் இணைப்புகள் வேறு விஷயம். நான்கு முக்கியப் புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை நிபுணர்கள் சரிபார்த்து 2022-இல் வெளியான ஆய்வில், 32.5 சதவீதத்தில் தவறான தகவல் இருந்தது, 30.5 சதவீதம் தீங்கு விளைவிக்கக்கூடியது. தவறானவற்றுக்குத்தான் மக்களின் கவனமும் அதிகம் கிடைத்தது. மருத்துவச் சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறைகளை மட்டும் தேர்ந்தெடுத்த புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ‘கீமோவை நிறுத்தினேன், குணமானேன்’ வகைப் பதிவுகளை உடனே நீக்கும் அட்மின் இருக்கும் குழு என்றால் தைரியமாக இருக்கலாம். நீக்காமல் விவாதிக்க விடுகிற குழுவிலிருந்து விலகிவிடுங்கள்.

நோயாளிகள் தாங்களாகவே மருந்தைச் சோதித்துப் பார்த்த நிகழ்வு ஒன்றும் உண்டு. இதை அவருக்கு அவசியம் சொல்லுங்கள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோயின் வேகத்தை லித்தியம் குறைக்கிறது என்று 2008-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. ‘பேஷன்ட்ஸ்லைக்மீ’ என்ற இணையச் சமூகத்தில் இருந்த பலர் மருத்துவர்களிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் உடல்நிலையை ஒரே அளவுகோலில் பதிவு செய்துகொண்டே வந்தார்கள். அப்படிச் சாப்பிட்ட 149 பேரை, அதேபோன்ற நிலையில் லித்தியம் சாப்பிடாத உறுப்பினர்களோடு ஒப்பிட்டு 2011-இல் முடிவு வெளியானது: பலன் எதுவும் இல்லை. பின்னர் நடந்த முறையான ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன. ‘எனக்குப் பலன் கிடைத்தது’ என்று அந்த 149 பேரில் யாராவது ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனியொருவரின் அனுபவம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கப் போதாது.

இப்போது அந்த ‘மூன்று வருஷம்’. அவர் தூக்கம் இழந்திருக்கும் எண் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஓசிமெர்டினிப்பை முதல் மருந்தாகக் கொடுத்து 556 பேரிடம் நடத்திய ஃப்ளாரா ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 38.6 மாதம். பழைய மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்கு 31.8 மாதம். இந்த 38.6-ஐத்தான் யாரோ ‘மூன்று வருஷம்’ என்று சுருக்கிவிட்டார்கள். இடைநிலை என்றால், எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய எண். பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். எவ்வளவு தூரம் தாண்டினார்கள் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. அது கெடுத்தேதியும் ஆகாது. இன்னொன்று, அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 2014 டிசம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையில் சேர்ந்தவர்கள். மாத்திரையோடு கீமோவையும் சேர்த்துக் கொடுத்தால் நோய் கட்டுக்குள் இருக்கும் காலம் நீள்கிறது, பக்கவிளைவும் கூடுகிறது என்று 2023-இல் வெளியான ஃப்ளாரா 2 ஆய்வு காட்டியது. முதல் ஆய்வில் இருந்தவர்கள் சேர்ந்த காலத்தில் இந்த முடிவு கையில் இல்லை. தன் விஷயத்தில் காலக்கணக்கு என்ன என்று அறிய அவர் விரும்பினால், பரவிய இடங்கள், மாற்றத்தின் வகை, முதல் ஸ்கேனின் முடிவு இவற்றை வைத்துப் பேசக்கூடியவர் அவருடைய மருத்துவர் மட்டுமே. தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் அதுவும் அவர் உரிமை. நீங்களாகத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டாம்.

இறப்புச் செய்திகள் அடுத்தடுத்து கண்ணில் படுவதற்கும் காரணம் உண்டு. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மெல்லக் குழுவை மறந்து தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். புதிதாகத் தெரிந்து பதறுகிறவர்களும், நோய் முற்றியவர்களும், இறந்தவரின் குடும்பத்தாரும்தான் அதிகம் எழுதுவார்கள். எந்தப் பதிவின் கீழ் நூற்றுக்கணக்கானோர் கருத்து எழுதுகிறார்களோ அதைத்தான் ஃபேஸ்புக் முதலில் எடுத்துக் காட்டும். இரங்கல் பதிவுக்குத்தான் அவ்வளவு கருத்துகள் வரும். அவர் திறந்ததும் பார்ப்பது குழுவின் ஒரு மூலையை மட்டுமே.

எனவே பயன்படுத்தும் முறையை மாற்றினால் போதும். நோட்டிஃபிகேஷனை முழுவதும் அணைத்துவிடலாம். உறுப்பினராக இருந்துகொண்டே குழுவைப் பின்தொடராமல் இருக்கும் வசதி ஃபேஸ்புக்கில் உண்டு. அப்போது பதிவுகள் தாமாக வந்து விழாது. தேவை வரும்போது குழுவுக்குள் போய், தேடல் பெட்டியில் ‘வயிற்றுப்போக்கு’ என்றோ ‘நகம்’ என்றோ தேடிப் படித்துவிட்டு வெளியே வரலாம். பகலில் ஒரு நேரம் வைத்துக்கொள்ளட்டும். இரவில் ஃபோன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இதை நீங்கள் சட்டமாகப் போட்டால் நடக்காது. ‘ராத்திரி எதைத் தேடுறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கேள்விதான் இருக்கும். அதற்கு விடை கிடைக்காததால்தான் தேடல் முடிவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால், புற்றுநோய் மருத்துவரிடமே மனநல ஆலோசகரைப் பார்க்கப் பரிந்துரை கேளுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

குழுவிடம் கேட்கக்கூடாத அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். புதிதாக வரும் மூச்சுத்திணறல், வறட்டு இருமல், காய்ச்சல் ஆகியவை முக்கியம். அரிதாக ஓசிமெர்டினிப் நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும், அப்போது மருந்தை உடனே நிறுத்த வேண்டியிருக்கும். மயக்கம், படபடப்பு, இருமலில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், வாந்தியோடு தலைவலி, வலிப்பு, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவை எதுவானாலும் நேராக மருத்துவமனைதான். ‘வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?’ என்று பதிவு போட்டுவிட்டுக் காத்திருக்கும் மணி நேரங்களில்தான் நிலைமை கைமீறும். புற்றுநோய் பரவிய 766 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், அறிகுறிகளை இணையவழியாக நேரடியாகச் சிகிச்சைக் குழுவுக்கே தெரிவித்துவந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. அறிகுறியை யாரிடம் முதலில் சொல்கிறோம் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

மற்றவற்றை அவர் தாராளமாகக் கேட்கட்டும், ஆனால் முழு விவரத்தோடு கேட்கட்டும். ‘வயிற்றுப்போக்குக்கு என்ன செய்யலாம்?’ என்றால் எண்பது விதமான பதில் வரும். ‘எக்ஸான் 19, ஓசிமெர்டினிப் 80, பன்னிரண்டாவது வாரம். தினமும் நான்கு முறை போகிறது. மருத்துவர் லோபரமைடு தந்திருக்கிறார். அதோடு உணவில் எதை மாற்றினால் உங்களுக்கு எளிதாக இருந்தது?’ என்றால் பொருந்துகிறவர்கள் மட்டும் பதில் சொல்வார்கள். அறிக்கையின் படத்தைப் போட வேண்டாம். பெயரும் மருத்துவமனை எண்ணும் மேலே மட்டுமல்லாமல் அடிக்குறிப்பிலும் இருக்கும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சில இடங்களில் முழு அறிக்கையே திறந்துகொள்ளும். தேவையான வரியைத் தட்டச்சு செய்தால் போதும். ‘மூடிய குழு’ என்ற பெயரை நம்பி எதையும் எழுதக்கூடாது. பரம்பரை மார்பகப் புற்றுநோய் அபாயம் உள்ளவர்களின் மூடிய குழுக்களில், உறுப்பினர் பட்டியலை வெளியாட்களும் திரட்ட முடிந்ததை 2018-இல் அவர்களில் ஒருவரே கண்டுபிடித்தார். பிறகே ஃபேஸ்புக் அதை மாற்றியது. வாட்ஸ்அப் குழு என்றால் ஃபோன் எண் எல்லோருக்கும் தெரியும். பதிவு போட்டதும் தனிச் செய்தியில் வந்து மருந்து விற்கிறவர், குணமாக்குகிறேன் என்கிறவர் எல்லோரையும் அட்மினுக்குத் தெரிவித்துவிட்டு பிளாக் செய்ய வேண்டும். இறந்தவர் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைச் சிலர் அன்போடு தருவார்கள். எங்கே, எந்த வெப்பத்தில் இருந்தது, உள்ளே இருப்பது அதே மருந்துதானா என்று தெரியாததால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

உங்கள் ரகசியத்துக்கு வருகிறேன். பயத்தினால் செய்தீர்கள், புரிகிறது. ஆனால் உங்களைக் காயப்படுத்தாமல் பேச அவருக்கு இருந்த ஒரே இடம் அது. அவராகக் கண்டுபிடித்தால் அந்த இடமும் போய்விடும், உங்கள்மேல் உள்ள நம்பிக்கையும் குறையும். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ‘என்னங்க, உங்களுக்குத் தெரியாம நானும் அந்தக் குழுவுல சேர்ந்துட்டேன். நீங்க எழுதினதைப் படிச்சேன். தப்புதான், வெளியே வந்துடுறேன். பயமா இருந்தா எங்கிட்டயும் சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன்’ என்ற அளவில் போதும். அவர் எழுதியதை வரி வரியாகத் திருப்பிச் சொல்லாதீர்கள். அவர் கோபப்பட்டால் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவிலிருந்து உண்மையாகவே விலகிவிடுங்கள். பராமரிப்பாளர்களுக்கென்று தனிக் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் களைப்பையும் கோபத்தையும் அவர் படிக்காத இடத்தில் எழுத உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். எழுதப் பிடிக்காவிட்டால் படிக்கலாம். படிக்க மட்டுமே செய்கிறவர்களுக்கும் தெளிவும் தைரியமும் கிடைப்பதாக இத்துறை ஆய்வுகள் சொல்கின்றன.

மருத்துவர் சொன்னதை வைத்து மனம் தளர வேண்டாம். மருத்துவரே குழுவில் சேரச் சொன்ன நிகழ்வும் பதிவாகியிருக்கிறது. டேவ் டிபிராங்கார்ட் என்பவருக்கு 2007 ஜனவரியில் சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரல் வரை பரவியது தெரிந்தபோது, அவருடைய மருத்துவர் டேனி சாண்ட்ஸ்தான் ஏகோர் என்ற இணையச் சமூகத்தைப் பரிந்துரைத்தார். இன்டர்லூகின்-2 என்ற சிகிச்சை பற்றியும் அதன் கடுமையான பக்கவிளைவுகளை எப்படித் தாங்குவது என்றும் அங்கிருந்த நோயாளிகள் சொன்னார்கள். சிலருக்கே பலன் தரும் அந்தச் சிகிச்சை அவருக்குப் பலித்தது. சிகிச்சையைக் கொடுத்தது மருத்துவமனை, தயார்படுத்தியது குழு. உங்கள் மருத்துவர் மறுப்பது பெரும்பாலும் குழுவில் படித்ததை முடிவாகச் சொல்வதைத்தான். அடுத்த சந்திப்புக்கு மூன்று கேள்விகளை மட்டும் தாளில் எழுதி, உட்கார்ந்ததும் கொடுங்கள். ‘குழுவில் கீமோவும் சேர்க்க வேண்டும் என்கிறார்கள்’ என்று எழுதுவதைவிட, ‘ஃப்ளாரா 2-இல் கீமோ சேர்த்தார்களே, இவருக்கு அது பொருந்துமா, பொருந்தாது என்றால் ஏன்?’ என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்வி வயிற்றுப்போக்கு, அளவு பற்றியது. மூன்றாவதை உங்கள் கணவரே எழுதட்டும். அவர் எழுதும் வரை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள்.